தொட்டியில் ஊற்றிய பால்

அண்ணே, நீ போன பிறகு உனக்காக அழுததைவிட உன் மேனேஜரைத் திட்டியதுதான் அதிகம். நான் எட்டாவதோடு நின்றவள். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

திருவான்மியூர் கடற்கரை ஓரத்து ஷெட்டில் நீ கடல் அட்டைக்குக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை பார்த்தாய். கடலடியில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் உயிர் அது, பிடிக்கத் தடை. உன் கம்பெனிக்காரர்கள் அனுமதி வாங்கித் தாய் அட்டைகளை வைத்துக் குஞ்சு வளர்த்துக் கடலில் விடுகிறவர்கள். டீக்கடையில் உன்னைக் கிண்டல் பண்ணுவார்கள். "இன்னா மச்சி, அட்டைக்குப் பிரசவம் ஆச்சா?" "ஆச்சு. உன்ன மாதிரியேதான் கீது" என்பாய்.

அம்மாவிடம் மட்டும் ஒழுங்காகச் சொல்வாய். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் அட்டை நிமிர்ந்து நின்று ஆடும், பிறகு முட்டை விடும். குஞ்சு தூசி மாதிரி மிதக்கும், சோப்புக் கையை வைத்தாலே செத்துவிடும். அம்மா வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். சோப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பால் ஆகாது என்று நீ சொன்னதில்லை. யாரும் சொன்னதில்லை.

உனக்குக் காய்ச்சல் கண்ட அன்றுதான் அட்டைகள் முட்டை விட்டன. லீவு கேட்டாய். போனில் மேனேஜர் சொன்னது எனக்கும் கேட்டது. "மாத்திரை போட்டுக்கிட்டு வாப்பா. குஞ்சு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் படுத்துக்க." நீ போனாய். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது டெங்கு முற்றிவிட்டது என்றார்கள்.

உன்னை எரித்த மறுநாள் பால் தெளிக்க ஆண்கள் கிளம்பினார்கள். அம்மாவும் வருகிறேன் என்றாள்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா? போ, உள்ள போய் குந்து" என்று பெரியப்பா அதட்டினார்.

அவர்கள் போனதும் அம்மா எழுந்தாள். "அவன் வேல பாத்த எடத்தயாவது காட்டுடி." ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. குடிக்கத் தண்ணீர் என்று நினைத்தேன்.

ஷெட் வாசலில் மேனேஜர் நின்றார். "நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேம்மா" என்றார். எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"ஜொரம்னு சொன்னான்ல? உன் அட்டைக்கு வேற ஆளே கெடைக்கலயா சார்?"

"நான் என்ன டாக்டரா? எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதவரு இன்னாத்துக்கு மாத்திரை போட சொன்னீங்க?"

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அங்கே வேலை செய்யும் அக்கா அம்மாவை உள்ளே கூட்டிப்போய் உன் தொட்டியைக் காட்டியிருக்கிறாள். வெளியே வந்த அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. ஆட்டோவில் சொன்னாள், "அவன் தொட்டியிலயே அவனுக்குப் பால் ஊத்திட்டேன்டி. அவன் வளத்த புள்ளைங்களும் குடிக்கட்டும்." எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து ஷெட்டில் நின்ற உன் வண்டியை எடுக்கப் போனேன். தொட்டி காலி. ப்ளீச்சிங் பவுடர் நாற்றம்.

"பால்" என்றார் மேனேஜர். "தண்ணி கெட்டுப் போச்சு. ஒண்ணுகூட மிஞ்சல. அவன் உசிர குடுத்து வளர்த்தத உங்கம்மா கொன்னுட்டாங்க."

"அந்த உசிர வாங்கினது யாரு சார்?"

"அவங்களுக்குத் தெரியணும்ல?" என்றார்.

"தெரிஞ்சா அம்மாவும் செத்துடும். சொல்லிப் பாருங்க, அப்புறம் இருக்கு."

கருமாதி அன்று மேனேஜர் பூமாலையோடு வந்தார். உன் படத்துக்குப் போட்டுவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள்.

"புள்ளைங்க நல்லாக்கீதா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "கடல்ல வுட்டுட்டாங்கம்மா."

"அதுக்குள்ளயா?"

அம்மா என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டாள். சாம்பார் வாளியோடு பெரியப்பாவும் நின்றுவிட்டார். மேனேஜர் இலையைப் பார்த்தபடி, "ஆமாம்மா. சீக்கிரம் வளர்ந்துடுச்சு" என்றார்.

"பால் குடிச்சிதுல்ல" என்றாள் அம்மா.

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும். ஒரு பொய் சொன்னதற்காக அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. பெரியப்பாவையும்தான். அன்று அம்மாவைச் சுடுகாட்டுக்கு விட்டிருந்தால் அந்தப் பால் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் அம்மாவை எங்காவது பார்த்தால் குஞ்சுகள் கடலில் இருக்கின்றன என்றே சொல்லுங்கள். மேனேஜருக்காக யாரும் சாமி கும்பிட வேண்டாம். கோயிலோ, மாதா கோயிலோ, தர்காவோ, நீங்கள் எங்கே கும்பிடுவீர்களோ அங்கே என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.