பின்மூடியில் ஒரு பெயர்

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற எங்களுக்கு, கதவைத் திறப்பவரின் முகத்துக்கு முன்பே கைதான் கண்ணில் படும். நரம்பு தெரிகிறதா என்று பார்ப்பது தொழில். அந்தக் கையில் சாவி கொடுக்கிற பழைய வாட்ச் இருக்கிறதா என்று பார்ப்பது என் கிறுக்கு. இதே கிறுக்குப் பிடித்த உங்களிடம் சொன்னால்தான் என் பாடு புரியும்.

ஆறாவது வாட்ச்

வீட்டில் ஏற்கெனவே ஐந்து இருந்தன. அம்பத்தூர் ரிப்பேர் கடைக்குப் பட்டை மாற்றத்தான் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் செம்பு நிற முகப்போடு அது கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. தெருவின் பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோ கூச்சல் எல்லாம் எங்கோ தூரப் போய்விட்டன.

திருப்பிப் பார்த்தால், 'கே. பலராமன், 25 ஆண்டுப் பணி' என்று பொறித்திருந்தது. ஏதோ கம்பெனி கொடுத்த பரிசு. காசு கொடுத்து வாங்கி, கையில் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது கடைக்காரர் சொன்னார்: "பேர் போட்ட வாட்ச்சு இது, அக்கா. அந்தாளு நேர்ல வந்து என்னுதுன்னு கேட்டா, கழட்டிக் குடுக்க மனசு வருமா உனக்கு?"

ஒன்பது பத்து

வராது. அதனால்தான் காலையில் வீடுகளின் பட்டியல் போனில் வந்ததும், அதில் பலராமன் இருக்கிறாரா என்று முதலில் தேடுவேன். இல்லையென்றால் அன்றைக்கு நிம்மதி.

அப்படி ஒரு நிம்மதியான நாள். முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃப்ளாட், சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாயிற்று. அந்த அம்மா ஏழரைக்கு இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சரியாக ஒன்பதரைக்கு மறுபடி எடுக்க வேண்டும். பக்கத்து வீடுகளை முடித்துவிட்டு வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். இளவெயில் செம்பு முகப்பில் விழுந்து மினுங்கியது. மணி ஒன்பது பத்து. இருபது நிமிஷம் இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வாட்ச் என்னை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மறுபடி மணி பார்த்தபோதும் ஒன்பது பத்து.

காலையில் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். போனில் மணி பத்தே கால். நாளைக்கு மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நீ வாட்ச்சையே பாத்து சிரிச்சிகினு இருந்தியா, யாரோ ஆசையா வாங்கிக் குடுத்ததுபோலன்னு நான்தான் கூப்பிடாம உட்டுட்டேன்."

திருநின்றவூர் பலராமன்

ஒருநாள் பட்டியலில் அந்தப் பெயர் வந்தேவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, வாட்ச்சைக் கழற்றி டிபன் பையில் கைக்குட்டைக்கு அடியில் ஒளித்தேன். இப்படித் திருட்டுத்தனம் செய்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒளித்தேன்.

கதவைத் திறந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் ஆபீஸ் அட்டை, ரயிலைப் பிடிக்கிற அவசரம். அவர்தான் பலராமன். எனக்கு வந்த சந்தோஷத்தில் முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் கேட்டார்: "இன்னா சிஸ்டர், கைல வெள்ளையா வட்டம் கீது? வாட்ச்ச எங்கனா தொலைச்சிட்டீங்களா?"

தனலட்சுமியின் வீட்டுக்காரர்

வேலப்பன்சாவடியில் பட்டியல் சொன்ன பெயர் தனலட்சுமி. அதனால் வாட்ச் தைரியமாக மணிக்கட்டில் இருந்தது. அந்த அம்மாவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது, பின்னால் நின்ற அவருடைய கணவர் குனிந்து என் கையையே பார்த்தார்.

"பின்னாடி பலராமன்னு பேர் கீதாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் எடுத்து முடித்து, கழற்றிக் கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். மணிக்கட்டில் கட்டினார். வாசல்வரை நடந்து போனார். நான் சோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுதுதான் சார், வச்சிக்குங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். என் மணிக்கட்டு அதற்குள் மொட்டையாகத் தெரிந்தது.

திரும்பி வந்தவர் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"கம்பெனில சங்கு ஊதறதுக்குள்ள கேட் வாசல்ல நிக்கணும்னு இத்தப் பாத்துப் பாத்தே ஓடினேம்மா. வேலை முடிஞ்ச அன்னிக்கே கழட்டிக் கடைல குடுத்துட்டேன். எனக்கு மணி வோணாம், இனிமே நீ ஓடு."

ஓடுகிறோம், வாட்ச்சும் நானும் ஒன்றாகத்தான். அதற்காவது காலையில் சாவி கொடுக்க ஓர் ஆள் இருக்கிறது.