கருக்கியது

ஃபிர்தௌஸ் அக்கா வேகிற வரைக்கும் ஓவன் மூடியைத் திறக்க மாட்டாள், மோந்துதான் பார்ப்பாள். வட்டமான அலுமினிய ஓவன் அது. மூடி நடுவே இருந்த கண்ணாடி என்றைக்கோ உடைந்து, தகரம் வைத்து அடைத்திருக்கிறது. மேல்சூடு போதாது என்று, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரித்துண்டுகளை மூடிமேல் பரப்பி, பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி விசிறுவாள். பாகு வாசனை கசப்பின் பக்கம் திரும்பினால் மற்ற வீடுகளில் ஓடிவந்து அடுப்பை அணைப்பார்கள். அக்கா அப்போதுதான் விசிறியை வேகமாக ஆட்டுவாள். "இன்னும் கொஞ்சம் கோவப்படட்டும்" என்பாள். கேக்கைத்தான் சொல்கிறாள்.

நடுவில் கரண்ட் போனால் வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்துக் கை நீட்டித் திட்டுவாள். கம்பத்தடியில் நிற்பவர்கள் தங்களைத்தான் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்சந்தில், ஒற்றை அறை வீட்டில், பிறந்தநாள் கேக் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. வருஷக்கணக்காக ரோஸ் நிற க்ரீம் பூவைப் பிழிந்து பிழிந்து, "இந்தப் பூவப் பாத்தாலே கொமட்டுது நைனா" என்கிறாள். கப்பலில் சமையல் வேலை செய்யும் அவள் தம்பி யாசின், ஸ்பெயினில் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு கேக்கைத் தின்றுவிட்டு வந்து சொன்னான்: "மேல கரிக்கட்டை, உள்ள பால்கோவா. பாஸ்க் கேக்குன்னு பேரு."

அன்றிலிருந்து அக்கா தயிரை மல்துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடுகிறாள். நீர் சொட்டி முடிந்த தயிரோடு பாலாடை, முட்டை, சர்க்கரை, ஒரு கை மைதா. பட்டர் பேப்பரைக் கசக்கிப் பிரித்துத்தான் பாத்திரத்தில் விரிப்பாள். மடிப்பில்லாமல் விரித்தால் கேக்குக்குத் திமிர் வந்துவிடுமாம். பூ கிடையாது, செர்ரி கிடையாது. இது சௌக்கத் அலி பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியில் ஏற வேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் பூப் பிழியக் கூடாது. இதுதான் அவள் ஆசை. பேக்கரிக்காரர் வெள்ளிக்கிழமை வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

சந்து சும்மா இருக்குமா? எதிர்வீட்டு மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, பாஸ்குக்கு இன்னும் நாலு மாசம் கீது, அதுக்குள்ள கேக்கா? நீ எப்ப வேதத்துல சேந்தே?" இங்கே பாஸ்கு என்றால் ஈஸ்டர்தான், வேதம் என்றால் கிறிஸ்தவம்.

"அது ஊரு பேருடி!" என்று கத்திக்கொண்டே அக்கா மூடியைத் தூக்கினாள். மரியபுஷ்பம் நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, கருகிப் பூட்ச்சே!"

"கருகல. நான் கருக்கிகீறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்டி ஒண்ணு? நீயா வுயுந்தாலும் நான் புட்ச்சித் தள்ளினாலும் ஒண்ணா?"

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. காற்றோடு வருகிற கரித்தூளில் இங்கே வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் கறுக்கிறது. காயவைத்த வடாம் கறுக்கிறது. மூக்கைச் சிந்தினாலும் கறுப்பு. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒரு பொம்பளை தன் கேக்கைத் தானே கறுப்பாக்கினால் மட்டும் சந்து முழுக்க நியாயஸ்தர்கள்.

அந்தக் கடுப்பில் ஒரு கரித்துண்டை எடுத்து அக்கா வீட்டுச் சுவரில், 'இங்கே கேக் கருகித் தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, சுவரைக் கெடுத்ததற்கு அடி விழுமென்று ஓடுவதற்குத் தயாராக நின்றேன். அக்கா கரண்டியோடு வந்து படித்தாள்.

"கஸ்மாலம், ஒரு 'க்' எங்கடா? 'கருக்கி'ன்னு எய்து!"

நான் பாதியில் விட்ட ஒன்பதாம் வகுப்பில், தன்வினை பிறவினை என்று தமிழையா தொண்டை கிழியக் கத்தியது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சௌக்கத் பாய் வந்தார். அக்கா ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். பாய் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி, மேலிருந்த கறுப்புத் தோலை முழுசாகச் சுரண்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். மிச்சத்தை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோக்கா கீதும்மா! நாளைலேந்து நம்ம பொட்டில வெச்சிடலாம். மேல கருகினத மட்டும் எட்த்துட்டு, க்ரீம் பூசி, ரெண்டு பூ வெச்சிக் குடு."

"அது கருகல பாய். கருக்கினது."

"எனக்குப் புரியுது. வர்றவன், தீஞ்ச கேக்கக் குடுக்கிறியான்னு சண்டைக்கு நிப்பான். ஒவ்வொருத்தனுக்கும் எலக்கணம் சொல்லிக்கினு யாவாரம் பண்ண முடியுமா?"

சரி என்று தலையாட்டிவிடுவாளோ என்று அக்காவையே பார்த்தேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாய் ஒதுக்கிய கறுப்புத் தோலை விரலால் வழித்துச் சேர்த்து வாயில் போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல் மென்றாள்.