பதினோரு ஹீரோக்களும் சித்தியின் பத்து நிமிடமும்

என் சித்தி பதினான்கு வருடமாகத் தியேட்டரில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் புட்டுப்புட்டு வைப்பார். அவருக்குக் கதை சொல்வது திரை இல்லை, தரை! கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் அவரை 'இன்ஸ்பெக்டர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதினோரு சூப்பர் ஹீரோக்கள் ஒன்றாக வரும் அந்தப் பிரம்மாண்டப் படம் போன வெள்ளிக்கிழமை வந்ததல்லவா? நான் முதல் காட்சி பார்த்துவிட்டுத் தலைகால் புரியாமல் சித்தியைத் தேடி ஓடினேன். கூட்டம் கலைந்த ஹாலில், வரிசைகளுக்கு நடுவே துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"சித்தி, படம் தாறுமாறு!"

"பொய் சொல்லாதடி. நடுவுல ஒரு மணி நேரம் ஜவ்வு மாதிரி இழுத்திருக்கான்."

"யாரு சொன்னா?"

"பாப்கார்ன் பெட்டி பூரா காலி. படம் பிடிச்சா வாயில போட மறந்துடுவாங்க. இங்க பெட்டியோட அடி வரைக்கும் தொடச்சுத் தின்னிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். பதினோரு பேரும் ஆளாளுக்குப் பறந்து வந்து, நின்று, முடியைக் கோதி, பன்ச் பேசி முடிக்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

"அந்த வில்லனுக்கு என்னதான் வேணுமாம்?"

"ஒரு நீலக் கல்லு சித்தி. அது கிடைச்சா உலகத்தையே அழிச்சிடுவான்."

"அழிச்சிட்டு எங்கடி குடியிருப்பான்?"

படத்தை எழுதினவரே இதை யோசித்திருக்க மாட்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் சித்தி. "எட்டாவது வரிசையிலேருந்து பின்னாடி வரைக்கும் கசக்கின டிஷ்யூவா கிடக்கு. எங்கேயோ நல்லா அழ வெச்சிருக்கான்."

அழவைத்தது உண்மைதான்! பதினோரு பேரில் ஒருத்தியான பனிப்பெண் தன் சக்தியையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, ஜென்மப் பகையாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். இசை கிடையாது, வசனம் கிடையாது. அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இன்னும் நாலு தடவை பார்க்கலாம். இதைச் சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினேன். சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையில் தட்டினார்.

ஆனால் அன்றைக்கு அவருக்கு வேறு கவலை. இரண்டு காட்சிகளுக்கு நடுவே இருபது நிமிடம். படம் முடிந்து பேர்கள் ஓடும் பத்து நிமிடமும் அதில் அடக்கம். வழக்கமாகப் பேர் ஓட ஆரம்பித்ததுமே ஜனம் எழுந்து போய்விடும், இவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். இந்தப் படத்தில் எல்லாப் பேரும் ஓடி முடிந்தபிறகு கடைசியாக ஒரு குட்டி சீன் உண்டு. அதனால் ஒரு ஆள்கூட நகரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு, மூன்று பேர், கையில் மிச்சம் பத்தே நிமிடம்.

வெள்ளி லேட். சனியும் லேட். ஞாயிறு காலை மேனேஜர் வந்து நின்றார். "இன்னைக்கும் லேட்டாச்சுன்னா நாளையிலேருந்து வெளியாளுங்களை எடுத்துப்பேன்மா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

காலைக் காட்சிக்கு வந்திருந்த என்னைத் தேடிச் சித்தி வந்தார். "கடைசி சீன் வர்றதுக்குள்ள திரையில ஏதாவது பார்க்கிற மாதிரி இருக்குமா?"

"ஒண்ணும் இல்லை சித்தி. கறுப்புல வெள்ளையா பேரு மட்டும்தான்."

"அப்போ எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க?"

அன்று மதியக் காட்சியில் நானும் உள்ளே இருந்தேன், மூன்றாவது தடவை. பேர் ஓட ஆரம்பித்தது, பாதி விளக்கு எரிந்தது. சித்தி பெரிய குப்பைப் பையோடு திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம்! கடைசி சீனுக்கு இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் உங்க கப்பு, பெட்டியெல்லாம் அப்படியே பக்கத்து சீட்டுக்குக் கை மாத்தி விடுங்க. ஓரத்துல நாங்க வாங்கிக்கறோம்."

ஒருவர் எரிந்து விழுந்தார். "காசு குடுத்து வந்துட்டு நாங்க குப்பை அள்ளணுமா?"

"நீங்க அள்ள வேணாம் சார். காலை மட்டும் தூக்குங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஹாலே சிரித்தது. "காலைத் தூக்குங்க சார், பன்னெண்டாவது ஹீரோ வந்தாச்சு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! பெட்டிகள் கைக்குக் கை தாண்டி ஓரத்துக்கு வந்தன. யாரென்றே தெரியாதவர்கள் 'பிடிங்க, பிடிங்க' என்று ஒருவருக்கொருவர் நீட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு ஹீரோக்கள் வரிசையாக நின்றபோதுகூட எனக்கு இப்படிப் புல்லரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் நாலு கப்பைக் கடத்தினேன்.

கடைசி சீன் வந்தது. இருட்டில் ஒரு கதவு திறக்கும், ஒரு கை தெரியும், அவ்வளவுதான். சித்தி பையோடு நின்று பார்த்தார்.

"இதுக்காடி இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

கூட்டம் கலைந்ததும் மூன்று பேரும் கூட்டித் துடைத்து, அடுத்த காட்சிக்கு நாலு நிமிடம் முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"ஆடியன்ஸ்கிட்ட பேசச் சொல்லி யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

சித்தி குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"சரி சரி. அடுத்த ஷோவுக்கும் பேசிடுங்க."

"அப்போ ஒரு மைக் குடுங்க சார்," என்றார் சித்தி. "கத்திக் கத்தித் தொண்டை போச்சு."