நீக்கப்பட்ட நாற்பது குடும்பங்கள்

லதா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். கணவர் தங்கவேலுவுக்கு மூச்சிரைப்பு. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி.

கணினியில் தானாகக் கற்கும் சிறிய நியூரல் நெட்வொர்க் ஒன்றுக்கு உறவுமுறை கற்றுக்கொடுப்பது அவள் வேலை. தெரிந்த குடும்பங்களில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதித் தருவாள். அதிலிருந்து படிக்கும் நெட்வொர்க், முன்பின் பார்க்காத குடும்பத்திலும் உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். மனப்பாடம் போதாது; முறை பிடிபட வேண்டும்.

அவள் எழுதியவற்றில் நாற்பது குடும்பங்களில் பெண்ணைத் தாய்மாமனே மணந்திருந்தான். அவளுடைய குடும்பமும் அதில் ஒன்று. நெருங்கிய ரத்த உறவில் மணம் முடிப்பதை, இதை எழுதும் நான் எதிர்ப்பவன். பிள்ளைகளின் உடம்புதான் அதற்கு விலை கொடுக்கிறது. ஆனால் இருப்பதை இல்லை என்று எழுதுவது அறிவியல் ஆகாது.

சோதனைக்குப் பூதிகோட்டைக் குடும்பம் ஒன்று வந்தது. ராஜ்குமார், ரஷ்மியின் தாயுடன் பிறந்தவன். ராஜ்குமாருக்கும் ரஷ்மிக்கும் பிறந்தவன் கிரண். ரஷ்மிக்கு ராஜ்குமார் யார்? நெட்வொர்க் 'தாய்மாமன், கணவன்' என்று இரண்டையும் சொன்னது. கற்றுக்கொண்டுவிட்டது என்று லதாவுக்கு மகிழ்ச்சி.

குழுத் தலைவர் சரத் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரே ஆள் மாமாவும் ஹஸ்பண்டும் எப்படிம்மா? டேட்டாவுல தப்பு."

"தப்பு இல்ல சார். எங்கம்மாவோட தம்பியத்தான் நான் கட்டிக்கினேன்."

"அப்போ உங்கம்மா உங்களுக்கு மாமியாரா?"

"நாத்தனாரு சார். எந்த முறையில சண்ட போடறோம்னு எங்களுக்கே கொயப்பம்."

பக்கத்து மேசைகள் சிரித்தன. சரத்தும் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆளுக்கு ஒரு உறவுதான்னு கிளையண்ட் ரூல். நாப்பதையும் எடுத்துடுங்க. 'என்ட்ரி மிஸ்டேக்'னு எழுதி சைன் பண்ணுங்க. இல்லேன்னா உங்க காண்ட்ராக்ட்ட புதுப்பிக்க முடியாது."

"நெசத்தத்தானே சார் எழுதினேன்?"

"பொய்னு சொல்லல. டேட்டா டேபிள்ல ரெண்டு உறவுக்கு இடம் இல்ல."

லதா ஒவ்வொன்றாக நீக்கினாள். தன் குடும்பத்தைக் கடைசியில் நீக்கிக் கையெழுத்திட்டாள்.

மறுபடியும் பயிற்சி நடந்தது. அதே கேள்விக்கு நெட்வொர்க் இப்போது 'தாய்மாமன்' என்று மட்டும் சொன்னது, தொண்ணூற்றொன்பது சதவீத உறுதியோடு. கிரண் யார் பிள்ளை என்பது கேள்வியிலேயே இருந்தது. அது நெட்வொர்க்கை உறுத்தவில்லை. சரத்தையும் உறுத்தவில்லை; வேலை முடிந்ததென்று கேக் வெட்டினார்கள்.

இயந்திரத்துக்கு அறிவு போதாது என்று நாளை எவராவது எழுதுவார். அது கற்றுத்தான் இருந்தது. கற்றதைப் பிடுங்கியவர்கள் மனிதர்கள்.

வீட்டில் தங்கவேலு கேட்டார்: "இன்னா, வேல இருக்குதா?"

"இருக்குது மாமா. மூணு மாசத்துக்கு."

"அப்பால?"

"அவங்க எத எடுக்கச் சொல்றாங்களோ, அத எடுக்கணும்."