பதின்மூன்று அங்குலப் பெட்டி

1

நான் விற்ற முதல் பைபாட் நான்கே நாளில் திரும்பி வந்தது.

டாலஸ் அருகே காப்பெல்லில் பெற்றோருடன் வசித்தபடி இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். வார இறுதிகளில் விளையாட்டுப் பொருள் கடையொன்றில், ரைஃபிளுக்கான துணைப்பொருட்கள் பிரிவில் வேலை. ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் இருகால் தாங்கிதான் பைபாட். சேர்ந்த வாரமே எல்லாப் பெட்டிகளின் குறிப்புகளையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆகவே மான் வேட்டைக்காரர் ஒருவர் வந்தபோது, எடை குறைந்த, விலையும் குறைந்த, ஒன்பது அங்குலம் வரை மட்டுமே உயரும் பைபாடைத் தயங்காமல் கொடுத்தேன். அவர் புல்வெளியில் உட்கார்ந்து சுடுபவர். ஒன்பது அங்குல உயரத்தில் அவருக்குப் புல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. "எங்கே, எப்படி உட்கார்ந்து சுடுவார் என்று கேட்டாயா?" என்றார், அவ்வளவுதான். நான் கேட்டிருக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்பது எனக்கு எளிதில் வருவதில்லை.

2

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு ஒரு தம்பதி வந்தனர். பாளையங்கோட்டைக்காரர்கள். ஜெயசீலன் அங்கிள் ஐ.டி.யில் இருக்கிறார், ஸ்டெல்லா ஆன்ட்டி நர்ஸ். சுடுபவர் ஆன்ட்டிதான். மருத்துவமனைத் தோழிகளுடன் பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகத் தொடங்கியவருக்கு இப்போது அங்குள்ள கிளப் அணியில் சேர ஆசை. அதற்கான தேர்வில், ஐம்பது கஜத் தொலைவிலிருந்து சுடும் ஐந்து குண்டுகளும் ஒரு சிறு வட்டத்துக்குள் விழ வேண்டும். இரண்டு முறை தவறவிட்டிருந்தார். வரும் சனிக்கிழமை மூன்றாவது முறை. இந்த ஆண்டுக்கு அதுவே கடைசி.

"கை ஆடுதும்மா. நைட் ஷிஃப்ட்ல பேஷன்ட்டத் தூக்கித் தூக்கி இந்தத் தோள் போயிட்டு. ஒரு தாங்கல் இருந்தா அடிச்சிருவேன்," என்றார்.

அங்கிள் போனில் ஓர் எக்செல் தாளைத் திறந்தார். பதினெட்டு பைபாடுகள், எடை, விலை, ரிவ்யூ எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். முதலிடத்தில் இருந்தது, பதின்மூன்று அங்குலத்தில் தொடங்கி இருபத்தேழு வரை நீளும் ஒன்று.

அலமாரியிலிருந்த ஒன்பது அங்குல பைபாட் ஒன்றைக் காட்டினார். "இதுவும் அந்தக் குட்டையும் ஒரே வெல. இது இருபத்தேழு வர போவுது, அது ஒம்பதோட நின்னுருது. அதே காசுக்கு எதுக்கும்மா கொறஞ்சத வாங்கணும்?"

"வளர்ற புள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்காப்ல எடுக்காதீங்க," என்றார் ஆன்ட்டி. "துப்பாக்கி வளராது."

"நீ சும்மா இரு. நாளைக்கு நின்னுக்கிட்டு சுடணும்னு சொல்லுவ."

பெட்டியை எடுத்து பில் போட்டிருந்தால் இருவருமே நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சனிக்கிழமையை நினைத்துக்கொண்டேன். "ஆன்ட்டி, நீங்க எப்படி உக்காந்து சுடுவீங்க?" என்று கேட்டேன்.

"டேபிள்லதான், சேர் போட்டு."

கிடங்கிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து கவுண்டரின் தாழ்ந்த பகுதிக்கு முன்னால் போட்டேன். பொருத்திக் காட்டுவதற்கென்று குழல் இல்லாத மரப்பிடி ஒன்று கடையில் உண்டு. அதில் அங்கிள் தேர்ந்த பைபாடை மாட்டி, கால்களை முழுவதும் சுருக்கி வைத்தேன். ஆன்ட்டி கன்னத்தைப் பிடியில் பதிக்க முயன்றார். முகம் கூரையைப் பார்த்தது.

"ஏங்க, கொயர்ல மேல் ஸ்தாயி பாடுதாப்ல இருக்கு."

அங்கிள் குனிந்து பார்த்தார். போனையும் பார்த்தார். "இதுக்கு மேல எறங்காதா?"

"இறங்காது, அங்கிள். பதிமூணுதான் இதோட கம்மி உயரம்."

அவருடைய தாளில் அதிகபட்ச உயரத்துக்குக் கட்டம் இருந்தது, குறைந்தபட்சத்துக்கு இல்லை.

ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் வரையிலான மூன்றைக் கவுண்டரில் வைத்தேன். ஒன்று, பிடியின் அடியில் ரெயில் என்ற உலோகப் பட்டை இருந்தால் மட்டுமே மாட்டும். ஆன்ட்டி போனில் காட்டிய அவருடைய ரைஃபிளின் படத்தில், மரப்பிடியின் அடியில் வார் மாட்டும் திருகுக் குமிழ் மட்டுமே இருந்தது. அதை ஒதுக்கினேன். மிக மலிவானதன் கால்களை நீட்டிக் கையால் அழுத்தினேன். மெல்ல உள்ளே வழுக்கியது. மூன்றாவது அதைவிடச் சற்றே விலை கூடியது. அதன் கால்கள் பற்களில் விழுந்து அசையாமல் நின்றன. மேசை சாய்ந்திருந்தாலும் ரைஃபிளை நிமிர்த்திக்கொள்ளலாம்.

"இது போதும், ஆன்ட்டி. ஆனா இது முன்பக்கத்த மட்டுந்தான் பிடிக்கும். பின்னால ஆடாம இருக்க, பிடிக்கு அடியில வைக்க ஒரு சின்னப் பை வேணும்."

கடையிலிருந்த பையின் விலையைப் பார்த்து அங்கிள் முகம் சுருங்கியது. மேனேஜர் தன் பையைத் தானே தைத்துக்கொண்டதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய ஜீன்ஸின் கால்பகுதியை வெட்டி, அரிசியை நிரப்பித் தைத்தால் போதும் என்றேன்.

"இட்லி அரிசியா, பொன்னியா?" ஆன்ட்டி வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

"அது எனக்குத் தெரியல, ஆன்ட்டி."

"எதுனாலும் உளுந்து மட்டும் வேண்டாம். வெல கூட," என்றார் அங்கிள்.

3

சனிக்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயசீலன் அங்கிள் முன்னால் வந்தார். கையில் நான் விற்ற பைபாடின் அதே பெட்டி. ஆன்ட்டி நான்கடி பின்னால் வந்தார். பொருள் திரும்பப்பெறும் படிவத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தேன். என் கை அதைச் செய்ததை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன்.

"தெறந்து பாரும்மா."

பெட்டிக்குள் பைபாட் இல்லை. நான்காய் மடித்த இலக்குத்தாள் ஒன்று இருந்தது. வட்டத்துக்குள் நான்கு துளைகள். ஐந்தாவது, கோட்டைத் தொட்டபடி.

நான் நிமிர்ந்தேன்.

"கோட்டத் தொட்டா உள்ளதான்!" என்றார் ஆன்ட்டி. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது. "ரூல் புக்லயே இருக்கு. இவுக மூணு தடவ வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டாக. மார்க் போடுத ஆளு பயந்து போனான்."

"கன்ஃபர்ம் பண்ணிக்கிட்டேன், தப்பா?" என்ற அங்கிள் போனை நீட்டினார். எக்செல் தாளில் குறைந்தபட்ச உயரத்துக்கு ஒரு கட்டம் புதிதாக முளைத்திருந்தது. அதற்கு மஞ்சள் நிறமும் கொடுத்திருந்தார்.

"பை எப்படி இருந்தது, ஆன்ட்டி?"

"இட்லி அரிசி நல்லா உக்காருதும்மா. வீட்ல பொன்னி தீந்துட்டு."

அவர்கள் போனபின் அந்தப் படிவத்தை இழுப்பறையில் திரும்ப வைத்தேன். மடக்கு நாற்காலியை மேனேஜர் கிடங்குக்கு எடுத்துப் போகச் சொல்லவில்லை. அது இப்போதும் என் கவுண்டரின் ஓரத்தில் விரித்தபடியே கிடக்கிறது. மலிவான பைபாட் எது என்று கேட்டு வருபவர்களிடம், எந்தப் பெட்டியையும் எடுப்பதற்கு முன், கொஞ்சம் உட்காரச் சொல்கிறேன்.