பெரியம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. புதுச்சேரியில் சாரம் பகுதியில் எங்கள் வீடு. முன்னறையைத்தான் தையல் கடையாக வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு புதன்கிழமை மதியம். ஜாக்கெட் துணிகள் மேசை முழுக்கக் குவிந்து கிடந்தன. வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ கால். தங்கையின் நம்பர்.

தங்கை பிரான்சில் இருந்தாள். என்னைவிட ரொம்பவே சின்னவள். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டார். மில்லில் ஷிப்டு வேலை பார்த்த அப்பாவுக்கு வீட்டைப் பார்க்க நேரம் இருக்காது. அதனால் அவளுக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு குடும்பத்திலிருந்து வரன் வந்து, கல்யாணம் முடிந்து போனவள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் யோசித்து யோசித்துப் பேசுவார்.

விசாவுக்காக அவள் இங்கே பிரெஞ்சு வகுப்புக்குப் போன காலத்தில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். "அக்கா, நீயும் கூட உக்காந்து படியேன். ஒரே ஃபீஸ்ல ரெண்டு பேரும் கத்துக்கலாம். அங்க சொல்றத நான் வூட்ல சொல்லித் தரேன்" என்று பலமுறை கூப்பிட்டாள். "ஜாக்கெட்டு தைக்கிறதுக்கு எதுக்குடி பிரெஞ்சு?" என்று சிரித்துவிட்டு மெஷினை மிதிப்பேன். எங்கள் ஊரில் தெருப் பலகையில்கூட பிரெஞ்சு இருக்கிறது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. அது வேறு யாருடையதோ என்றுதான் நினைத்திருந்தேன்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அப்போது நாலு வயது. குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானது. வீட்டில் ஒரே மொழியாகப் பேசுங்கள் என்று அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தங்கையும் பிரெஞ்சிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். குழந்தைக்குத் தெரிந்த தமிழ் 'அம்மா', 'பெயம்மா', 'வா', 'போ' அவ்வளவுதான். பெயம்மா நான். தங்கை தினமும் கூப்பிடுவாள். குழந்தை நடுவில் வந்து ஏதாவது சொல்லும், தங்கை தமிழில் மாற்றிச் சொல்வாள், நான் சிரிப்பேன். அவள் நடுவில் இருக்கும்வரை எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று போனை எடுத்தால் தங்கை இல்லை. குழந்தையின் முகம் திரை முழுக்க இருந்தது. அங்கே அப்போது காலை நேரம். புதன்கிழமைகளில் அவளுக்குப் பள்ளி கிடையாது. இரவு உடையிலேயே இருந்தாள். அழவில்லை. ரகசியம் சொல்வதுபோல மெதுவாக, "மமான் ஃபே தோதோ" என்றாள்.

"அம்மா எங்கடா கண்ணு?" என்றேன்.

"தோதோ" என்று மறுபடியும் சொன்னாள்.

எனக்கு அந்த வார்த்தை விளையாட்டாகத் தெரிந்தது. "தோதோவா? சரி சரி, தோதோ, தோதோ" என்று நானும் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் ஒரு அம்மா ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்து நின்றார். "அம்மாவ அப்புறம் பேசச் சொல்லு" என்று தமிழிலேயே சொல்லி, ஒரு முத்தம் கொடுத்து, போனை வைத்துவிட்டேன்.

அளவு எடுத்தேன். கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்றார், கழுத்துக்குப் பின்னால் கயிறு வேண்டும் என்றார், எந்தக் கலர் லைனிங் என்று பேசினோம். அவர் படி இறங்கும்போது மறுபடியும் போன் அடித்தது.

இந்த முறை குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கி வாங்கி எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மாகிட்ட குடு, அம்மாகிட்ட குடு" என்று நான் கத்தினேன். 'அம்மா' என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். போனைத் திருப்பிக் காட்டினாள். சமையலறைத் தரை தெரிந்தது. தரையில் ஒரு கால். சாக்ஸ் போட்ட கால். அது அசையவில்லை.

மாப்பிள்ளைக்குப் போட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் வேலை பார்க்கும் கிடங்கில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது என்று தங்கை சொல்லியிருந்தாள். இந்தப் போனை வைத்துவிட்டால் குழந்தை மறுபடி எடுக்குமோ எடுக்காதோ என்ற பயம். போனைக் கையில் பிடித்தபடியே தெருவில் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. மளிகைக் கடையில் நின்றவர்களிடம், "யாருக்காவது பிரெஞ்சு தெரியுமா, பிரெஞ்சு தெரியுமா" என்று கேட்டேன். அவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். கடைக்காரர்தான், "நம்ம சொல்தா வூட்டுக்கு ஓடும்மா" என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் தட்டியதும் அவர் மனைவி வந்தார்.

"அவரு இப்பதாம்மா சாப்ட்டுப் படுத்தாரு."

"அம்மா, என் தங்கச்சி அங்க பிரான்ஸ்ல வுழுந்து கெடக்குறா. சின்னப் புள்ள பிரெஞ்சுல அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றேன். அதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பெரியவர் லுங்கியோடு எழுந்து வந்தார். போனைக் காதில் வைத்தார். காது கேட்கவில்லை. காது மெஷினை எங்கே வைத்தோம் என்று அவர் மனைவி அலமாரியைத் தேட, நான் போனைப் பிடித்துக்கொண்டு குழந்தையிடம், "இரு கண்ணு, இரு கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரு என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? மெஷின் தலையணைக்கு அடியில் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். முதலில் அதிகாரமான குரல். குழந்தை பயந்துபோய் இன்னும் அழுதாள். உடனே குரலைத் தணித்துக்கொண்டு ஏதோ கொஞ்சிப் பேசினார். அழுகை கொஞ்சம் அடங்கியது. பதில் சொன்னாள்.

"உங்க தங்கச்சி பேசல. மூச்சு வுடறாளாம், சத்தமா வுடறாளாம்" என்று என்னிடம் சொன்னார். "பக்கத்து வூட்ட தட்டச் சொல்லியிருக்கேன். சாவி கதவுலயே இருக்குதாம். ஆனா மேல ஒரு தாப்பா போட்டிருக்காம், கை எட்டலயாம். நாற்காலிய இழுத்துப் போடச் சொல்றேன்."

குழந்தை போனைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். திரையில் சமையலறைக் கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. பெரியவர், அவர் மனைவி, நான் மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கதவு திறக்கும் சத்தம். சின்னக் கை கதவைத் தட்டும் சத்தம். ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல், ஓடிவரும் காலடி, 'ஐயோ' என்பதுபோல ஒரு அலறல். அந்தப் பெண் போனை எடுத்துப் பெரியவரிடம் பேசினார். ஆம்புலன்சுக்கும் அந்தப் பெண்தான் சொன்னார்.

போன் கட்டானதும் பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். "மொதல்ல எப்ப கூப்ட்டுச்சு புள்ள?" என்று கேட்டார். நான் சொன்னேன். தோதோ என்று சொன்னாள், எனக்குப் புரியவில்லை என்றேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு, "சின்னப் புள்ளைங்க தூக்கத்துக்குச் சொல்ற வார்த்தம்மா அது. அம்மா தூங்குறான்னு சொல்லியிருக்குது" என்றார்.

தரையில் விழுந்து கிடந்த அம்மாவைப் பார்த்து, தூங்குகிறாள் என்று நினைத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், அம்மா தினமும் சிரித்துச் சிரித்துப் பேசும் பெரியம்மாவின் படத்தைத் தொட்டிருக்கிறாள். அந்தப் பெரியம்மா தோதோ தோதோ என்று தலையை ஆட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

தங்கைக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சில நாட்கள் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். பொங்கல் அன்று இங்கே தெருவெல்லாம் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். "அக்கா... முடிஞ்சிது" என்றார். அதற்குமேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. பிரெஞ்சில் அழுதார். நான் தமிழில் அழுதேன்.

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. தகனத்தைப் போனில்தான் பார்த்தேன். யாரோ அவளைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். அங்கிருந்தவர்கள் சில இடத்தில் லேசாகச் சிரித்தார்கள், சில இடத்தில் கண்ணைத் துடைத்தார்கள். நான் வளர்த்த பெண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை.

பிறகு ஒருநாள் துணிந்து மாப்பிள்ளையிடம் கேட்டேன். கொஞ்சம் முன்னாலேயே ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா, டாக்டர் என்ன சொன்னார் என்று. அவர் யோசித்தார். "சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க அக்கா" என்றார். டாக்டர் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னாரா, இல்லை எனக்காக அப்படி மாற்றிச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் என் எதிரிலேயே வந்து சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் போகிறேன். என்னோடு படிப்பவர்கள் எல்லாம் வெளிநாடு போகக் காத்திருக்கும் இளசுகள். அவர்கள் ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு நாக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய அந்த 'ர' இன்னும் வரவில்லை. புத்தகத்தில் ரயில் டிக்கெட் வாங்கவும் ஓட்டலில் காபி கேட்கவும்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால், நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை. வீட்டுக்காரர் ஒருநாள், "போனவ போயிட்டா. இனிமே கத்துக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ராத்திரி முழித்துப் படித்து என் கண் கெட்டுப்போகிறதே என்றுதான் கேட்டார். மறுநாள் சாயங்காலமும் சைக்கிளை எடுத்தேன்.

வாரத்துக்கு ஒருமுறை மாப்பிள்ளை குழந்தையைப் பேச வைக்கிறார். முன்பெல்லாம் ரொம்ப நேரம் பேசுவாள். இப்போது கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். அவள் மீது தப்பில்லை. பதில் பேசாத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவாள்? நான் பத்து வார்த்தை கற்பதற்குள் அவள் ஆயிரம் வார்த்தை கற்றுவிடுகிறாள். நான் அவளை நோக்கி நடக்க நடக்க அவள் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அவளாகவே ஒன்று கேட்டாள். நான் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தாள், சொல் என்றாள்.

அப்பாவும் எப்போதோ போய்விட்டார். அதைச் சொல்ல இந்த உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. மில் சங்கு ஊதினால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். யூனிஃபார்ம் பட்டனைக் கடித்தே தின்றுவிடுவாள், வாரம் ஒரு பட்டன் தைப்பேன். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் பாதியில் நின்று, விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டுக் கடைசியாக வந்து, பரிசு தரவில்லை என்று ராத்திரி வரை அழுதாள். வயசுக்கு வந்த அன்று என் மடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். எல்லாம் தமிழில்தான் வந்து நின்றது. மாப்பிள்ளையை மாற்றிச் சொல்லச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் பக்கத்தில் இல்லை, அவரால் இந்தப் பேச்சைத் தாங்கவும் முடியாது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அம்மா சின்னப் பெண். அம்மா நல்ல பெண். அம்மா வேகமாக ஓடுவாள்.

குழந்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் நிறுத்தியதும், "ஏ அப்ரே?" என்றாள்.

அப்புறம் என்று கேட்கிறாள். அதுவும் எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு அப்புறம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. திரையைப் பார்த்துச் சிரித்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

என் தங்கையின் சின்ன வயது முழுக்க என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அதை அவள் மகளிடம் கொடுக்கத் தெரியாமலேயே நான் ஒருநாள் செத்துப்போய்விடுவேன் என்ற பயத்தைத்தான் அந்தப் புதன்கிழமை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறது.