விட்டு விட்டு அடித்த மணி

மாலை நாலேகால் மணிக்குப் பெரியப்பா மணிக்கூண்டின் கதவைப் பூட்டினார். உள்ளே நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் எங்கள் ஊர். அங்குள்ள மாதா கோயிலில் மணி அடிப்பது, விளக்கேற்றுவது, வருகிறவர்களிடம் கோயில் பெருமை பேசுவது எல்லாம் பெரியப்பாதான். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் அரைத்துக் கட்டிய சுவர், இரண்டு முழக் கனம் என்பார். கோயில் எழுந்து இரண்டு தலைமுறை கழித்துத்தான் அதே கனத்தில் மணிக்கூண்டு கட்டினார்களாம். அதன் ஈரக்காரையில் கொத்தனார்கள் பதித்த கைத்தடங்களில் எங்கள் பூட்டனுடையதும் உண்டாம். ஒன்பது வயதில் எனக்கு அதன்மேல் என் கையை வைத்துப் பார்க்க ஆசை. படிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தபோது கதவு சாத்திக்கொண்டது.

கத்தினேன். சுவரைப் பற்றிப் பெரியப்பா சொன்னதெல்லாம் உண்மை. ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

மணிக்கயிறு தொங்கியது. தாவிப் பிடித்துத் தொங்கினேன். ஓர் அடி விழுந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொங்கினேன். இன்னோர் அடி. பூசை மணி இடைவிடாமல் அடிக்கும். இப்படி விட்டு விட்டு அடித்தால் சாவு மணி. எனக்கும் தெரியும், பயத்தில் மறந்துபோனது.

கதவருகே ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“யாருலே போய்ட்டா?”

“பூட்டு தொங்குது. பொறவு அடிக்கது யாரு, பேயா?”

பாதி வழியில் மணி கேட்டுத் திரும்பிய பெரியப்பா, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து திறந்தார்.

“ஏட்டி, செத்த நேரத்துல ஊரையே கூட்டிட்டியே!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா தறிச்சாமான் வாங்க மதுரைக்குப் போயிருக்கிறார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அன்று அங்கே அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். சேதி எதுவானாலும் கோயிலை ஒட்டிய சாமியார் வீட்டுப் போனுக்குத்தான் வரும். பிழைத்து வந்து இருபது வருடம் தறி ஓட்டினார் என்பது வேறு விஷயம்.

போன வாரம் என் மகன் முக்கால் மணி நேரம் போனை எடுக்கவில்லை. பத்திரமாக வந்துவிட்டான். அம்மாவின் அன்றைய முகம் இப்போதுதான் புரிகிறது.

அன்று கடைசியாக வந்தது அவள்தான். காலில் செருப்பில்லை, தலையெல்லாம் தறிக்கூடத்துப் பஞ்சு. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீயாட்டி மணி அடிச்ச?”

அடி விழும் என்று பயந்து, “நான் இல்லம்மா” என்றேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை மட்டும் விடவில்லை.

“நீதான்னு சொல்லுட்டி,” என்றாள். “ஒனக்குப் புண்ணியமாப் போகும். நீதான்னு சொல்லு.”